நான்கு ஆண்டுகளாக அமில மாத்திரை: நிறுத்தினால் மூன்றாம் நாளே எரிச்சல் இரட்டிப்பாகிறது

கேள்வி
எழுதியவர்: மாசிவீதி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் இடுப்புப் பிடிப்புக்காக ஒரு மருத்துவரைப் பார்த்தபோது, பத்து நாட்களுக்கு டைக்ளோபினாக் வலி மாத்திரையும், அது வயிற்றைப் புண்ணாக்கிவிடாமல் இருக்கக் காலையில் வெறும் வயிற்றில் போடும்படி பான்டோப்ரசோல் 40 மில்லிகிராம் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் இடுப்பு வலி போய்விட்டது. வலி மாத்திரையை நிறுத்தினேன். அமில மாத்திரையை நிறுத்தவில்லை. அதற்கு முன்பும் மாதத்தில் இரண்டு மூன்று இரவுகள் நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் வரும். மாத்திரை போட்ட நாட்களில் அவை அறவே இல்லாததைக் கண்டபோது, இதையே தொடர்ந்தால் என்ன என்று தோன்றிவிட்டது. மருந்துக்கடையில் பழைய அட்டையைக் காட்டினால் போதும், யாரும் சீட்டு கேட்பதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த மாத்திரை இருப்பில் இல்லை என்று சொல்லி, அதே பெயருக்குப் பின்னால் ‘டி’ என்ற எழுத்து சேர்ந்த கேப்சூல் ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். அன்றிலிருந்து அதையே வாங்கி வருகிறேன்.

எனக்கு ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு, மெட்பார்மின் சாப்பிடுகிறேன். சில மாதங்களாகப் பாதங்களில் மரத்துப்போன உணர்வு இருக்கிறது. சர்க்கரையால் வருவது என்று விட்டிருந்தேன். சென்ற மாதம் செய்த இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகவும் குறைந்திருப்பதாகத் தெரியவந்தது. அதன்பின் இந்த மாத்திரைகளைப் பற்றித் தேடிப் படித்தபோது, சிறுநீரகம் கெடும், எலும்பு முறியும் என்றெல்லாம் எழுதியிருந்ததைக் கண்டு இரண்டு இரவுகள் உறக்கமே வரவில்லை. அச்சத்தில் உடனே நிறுத்தினேன். முதல் இரண்டு நாட்கள் ஒரு தொந்தரவும் இல்லை. மூன்றாம் நாள் இரவு நெஞ்சின் நடுவில் தீ வைத்ததுபோல் எரிந்து, தொண்டை வரை புளிப்பு ஏறி வந்தது. மாத்திரை தொடங்குவதற்கு முன் ஒருநாளும் அவ்வளவு எரிச்சல் எனக்கு வந்ததில்லை. ஐந்தாம் நாள் மீண்டும் மாத்திரைக்கே திரும்பிவிட்டேன். இப்படி மூன்று முறை முயன்று மூன்று முறையும் தோற்றிருக்கிறேன். கடைசியாக முயன்றது ஆடித் தள்ளுபடி நாட்களில். அப்போது கடையை அடைத்து வீடு திரும்பவே பதினொன்றரை மணியாகும், சாப்பிட்டவுடன் படுத்துவிடுவேன்.

இந்த நான்கு ஆண்டுகளில் என் நோய் உள்ளுக்குள் முற்றிவிட்டதா, அல்லது மாத்திரைக்கு உடம்பு பழகிவிட்டதா? இனி வாழ்நாள் முழுவதும் இதை விடவே முடியாதா? அனுபவமும் அறிவும் உள்ளவர்கள் வழி சொன்னால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி 1
எழுதியவர்: கோவை மருந்தாளுநர்

மாசிவீதி ஐயாவுக்கு வணக்கம். பதினெட்டு ஆண்டுகளாக மருந்தகத்தில் பணிபுரிகிறேன். உங்களைப் போலப் பழைய அட்டையுடன் வருபவர்களை நாள்தோறும் பார்ப்பதால், இதற்கு விரிவாகவே எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

நீங்கள் விவரித்த ஒரு செய்தியிலேயே பாதி விடை இருக்கிறது. முதல் இரண்டு நாட்கள் தொந்தரவு இல்லை, மூன்றாம் நாள் எரிந்தது என்கிறீர்கள். இரைப்பைச் சுவரில் உள்ள சில செல்கள் சிறு பம்புகளைப் போன்ற புரதங்களைக் கொண்டு அமிலத்தை வெளியே தள்ளுகின்றன. பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் ஆகிய அனைத்தும் அந்தப் பம்பைப் பற்றிப் பூட்டிவிடும் மருந்துகள். மருந்து இரத்தத்தில் தங்குவது சில மணி நேரமே ஆனாலும், செல் புதிய பம்புகளைச் செய்து முடிக்கும் வரை அமிலம் குறைந்தே இருக்கும். அதனால்தான் நிறுத்திய பிறகும் இரண்டொரு நாட்கள் நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பின் வருவதுதான் பலரையும் ஏமாற்றிவிடுகிறது. இரைப்பையில் அமிலம் போதவில்லை என்பதை உடல் உணர்ந்துகொண்டே இருக்கும். அமிலத்தைச் சுரக்கத் தூண்டும் கேஸ்ட்ரின் என்ற இயக்குநீரை அது கூட்டிக்கொண்டே போகும். அந்தத் தூண்டுதலால், அமிலச் சுரப்புக்கு ஆணையிடும் செல்களும் மெல்லமெல்லப் பெருகும். மருந்து இருக்கும் வரை இவை எதுவும் வெளியே தெரியாது. மருந்தை ஒரே நாளில் நிறுத்தும்போது, பெருகி நிற்கும் அந்த ஏற்பாடு முழுவதும் தடையின்றி வேலை செய்யத் தொடங்குவதால், மருந்து தொடங்குவதற்கு முன் இருந்ததைவிட அதிகமான அமிலம் சில வாரங்களுக்குச் சுரக்கிறது. இதற்குச் சான்றாக டென்மார்க்கில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லலாம். நெஞ்செரிச்சலே இல்லாத, நலமாக இருந்த 120 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு எட்டு வாரங்கள் எசோமெப்ரசோல் 40 மில்லிகிராம் கொடுத்துவிட்டு, பிறகு அவர்கள் அறியாமல் நான்கு வாரங்கள் வெற்று மாத்திரை கொடுத்தார்கள்; மற்றக் குழுவுக்குத் தொடக்கம் முதலே வெற்று மாத்திரைதான். மருந்து நின்ற பின் முதல் குழுவில் நூற்றுக்கு 44 பேருக்கு நெஞ்செரிச்சல், புளியேப்பம் போன்றவை வந்தன. மற்றக் குழுவில் 15 பேருக்கே வந்தன. நோயே இல்லாதவர்களுக்கு எட்டு வாரத்தில் இந்த நிலை என்றால், நான்கு ஆண்டுகள் சாப்பிட்ட உங்களுக்கு மூன்றாம் நாள் எரிந்தது வியப்பில்லை. அதை வைத்து மட்டும் நோய் முற்றிவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. அதே நேரத்தில் நோய் இல்லவே இல்லை என்றும் அதை வைத்துச் சொல்ல முடியாது. அதை மருத்துவர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும்.

இப்போது அந்த ‘டி’ எழுத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் பதிவில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது அதுதான். இரண்டும் ஒன்றல்ல. ‘டி’ அல்லது ‘டிஎஸ்ஆர்’ என்று முடியும் கேப்சூல்களில் அமில மருந்தோடு டோம்பெரிடோன் என்ற வேறொரு மருந்தும், பெரும்பாலும் 30 மில்லிகிராம் அளவில், சேர்ந்திருக்கும். அது வாந்தியையும் குமட்டலையும் அடக்குவதற்கான மருந்து. சிலருக்கு அது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்பதால், ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2014-இல் அதன் பயன்பாட்டைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும் என்றும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் கூடாது என்றும் சுருக்கியது. அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், புளூகோனசோல் போன்ற மருந்துகள் இடையில் சேரும்போது அந்த ஆபத்து கூடுகிறது. சளிக்கும் படர்தாமரைக்கும் அந்த மருந்துகள் நம் ஊரில் எவ்வளவு எளிதாகக் கைக்கு வருகின்றன என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள் அதை இரண்டு ஆண்டுகளாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நாளைக்கே அட்டையை எடுத்துச் சென்று உங்கள் மருத்துவரிடம் காட்டி, டோம்பெரிடோன் உங்களுக்குத் தேவைதானா என்று கேளுங்கள். மாற்றிக் கொடுத்தது எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவர் என்பதை எண்ணும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. இவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். அட்டையில் இருக்கும் சிவப்புக் கோட்டுக்குப் பொருளே அதுதான்.

குறைப்பதைப் பற்றி. நிறுத்தலாம் என்று மருத்துவர் சொன்னால், ஒரேயடியாக விடுவதைவிட 40-இலிருந்து 20 மில்லிகிராமுக்கு இறங்கிச் சில வாரங்கள் இருந்து, பின் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று போவது பலருக்குத் தாங்கக்கூடியதாக இருக்கிறது. 20 மில்லிகிராம் தனி மாத்திரையாகவே கிடைக்கும். 40-ஐ உடைத்துப் பாதியாக்காதீர்கள். மேலே இருக்கும் பூச்சு, மருந்தை இரைப்பை அமிலத்திடமிருந்து காத்துக் குடலுக்குக் கொண்டுசெல்வதற்காக இடப்பட்டது. உடைத்தால் மருந்து வழியிலேயே சிதைந்துவிடும். நேரமும் முக்கியம். உணவு வரும்போதுதான் பம்புகள் விழித்து வேலை செய்யும். விழித்திருக்கும் பம்பைத்தான் மருந்து பிடிக்கும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். இரவு சாப்பிட்டபின் படுக்கும்போது போட்டுக்கொண்டு, “இந்த மாத்திரை கேட்கவில்லை, இன்னும் வீரியமானது கொடுங்கள்” என்று வருபவர்கள் பலர்.

இடைப்பட்ட வாரங்களில் எரிச்சல் தலைகாட்டும் இரவுகளுக்கு ஆல்ஜினேட் கலந்த திரவ மருந்தோ, அமிலத்தை வேறு வழியில் குறைக்கும் பேமோடிடின் மாத்திரையோ மருத்துவர் எழுதித் தரக்கூடும். சாப்பிட்ட பிறகு உணவின் மேல்மட்டத்தில், உணவுக்குழாய் வாயிலுக்கு அருகே, உணவோடு கலக்காத அமிலம் ஓர் அடுக்காக நிற்கும். ஆல்ஜினேட் அதன்மேல் ஆடைபோல் படர்ந்து அமிலம் மேலேறாமல் தடுக்கிறது. பேமோடிடினைத் தொடர்ந்து நாள்தோறும் சாப்பிட்டால் ஓரிரு வாரத்தில் அதன் பலன் குறைந்துவிடும் என்பதால், தேவைப்படும் இரவுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் அதே வகையைச் சேர்ந்த பழைய ரானிடிடின் அட்டை இருந்தால் அதற்குத் திரும்பாதீர்கள். அதில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோயைத் தூண்டக்கூடும் எனக் கருதப்படும் மாசு உருவாவது கண்டறியப்பட்டு, 2020-இல் அமெரிக்காவில் அது சந்தையிலிருந்து முழுவதுமாக விலக்கப்பட்டது. 2022-இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டது. தண்ணீரில் நுரைக்கும் சோடா உப்புப் பொடிகளும் அன்றாடப் பழக்கம் ஆகக் கூடாது. அவற்றில் சோடியம் மிகுதி, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது கேடு.


மறுமொழி 2
எழுதியவர்: தாமிரபரணி

மேலே எழுதியிருப்பது நன்றாக விளங்குகிறது. இருந்தாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அப்பாவுக்கு 71 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும், அவற்றோடு பான்டோப்ரசோலும் கொடுத்திருந்தார்கள். கைப்பேசியில் வந்த ஒரு காணொளியில், அமில மாத்திரை சிறுநீரகத்தைத் தின்றுவிடும், இன்றே தூக்கி எறியுங்கள் என்று ஒருவர் பேசியதைக் கேட்டு, எங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அதை மட்டும் நிறுத்திவிட்டார். ஆறு வாரம் கழித்து மலம் தார்போல் கறுத்துப் போனது. இரும்புச்சத்து மாத்திரையால் இருக்கும் என்று இரண்டு நாட்கள் தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள் குளியலறையில் மயங்கி விழுந்தபோதுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரைப்பைப் புண்ணிலிருந்து இரத்தம் கசிந்திருந்தது. இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்துகளோடு அந்த மாத்திரையைக் கொடுத்ததே இது வராமல் தடுக்கத்தான் என்று அங்கிருந்த மருத்துவர் விளக்கியபோது அப்பா அழுதுவிட்டார்.

மாசிவீதி அண்ணா, உங்களுக்கு இந்த மருந்துகள் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேட்காமல் தொடர்வது எவ்வளவு தவறோ, அதைக் கேட்காமல் நிறுத்துவதும் அவ்வளவு தவறு என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.


மறுமொழி 3
எழுதியவர்: தஞ்சை மருத்துவர்

அரசு மருத்துவமனையில் பொது மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நேரில் பார்க்காமல் யாருக்கும் மருந்து சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மருத்துவரிடம் எவற்றைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் உங்கள் பாதங்கள். உணவில் உள்ள பி12, புரதத்தோடு பிணைந்தே வருகிறது; அதைப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் வேண்டும். அமிலத்தை ஆண்டுக்கணக்கில் அடக்கினால் இது தடைப்படலாம். மெட்பார்மின் வேறு வழியில், சிறுகுடலின் கடைப்பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. நீங்கள் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறீர்கள். பி12 குறைவால் வரும் மரத்துப்போதலும் சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பும் நோயாளியின் உணர்வுக்கு ஒன்றுபோலவே இருப்பதால், முன்னது இருப்பது தெரியாமலேயே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. முன்னது சரிசெய்யக்கூடியது, ஆனால் தாமதித்தால் நரம்பு முழுமையாக மீளாது. அதனால் மாத்திரையைக் குறைக்கும் வேலைக்கு முன்பே பி12 ஊசியோ மாத்திரையோ தொடங்க வேண்டும். மாத்திரையில் இருக்கும் பி12 புரதத்தோடு பிணைந்திராததால் அதற்கு அமிலம் தேவையில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி அந்த இரண்டு உறங்காத இரவுகளைப் பற்றி. நீங்கள் படித்தவை பொய்யல்ல, ஆனால் அவற்றின் எடையை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-இல் எலும்பு முறிவு குறித்தும், 2011-இல் இரத்தத்தில் மெக்னீசியம் குறைவது குறித்தும், 2012-இல் கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒரு பாக்டீரியத் தொற்று குறித்தும் எச்சரித்தது. இந்தியாவிலும் 2019-இல், திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பைப் பக்கவிளைவாக மருந்துக் குறிப்பில் சேர்க்கும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் கூறியது. அந்தச் சிறுநீரக அழற்சி ஒவ்வாமையைப் போன்றது, அரிது, மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயேகூட வரலாம். ஆனால் நாட்பட்ட சிறுநீரக நோய், மறதிநோய் என்று நீளும் பட்டியலின் பெரும்பகுதி, மருந்து சாப்பிட்டவர்களின் பதிவேடுகளையும் சாப்பிடாதவர்களின் பதிவேடுகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தது. இந்த மாத்திரையைச் சாப்பிடுபவர்கள் ஏற்கெனவே வயதும் நோயும் கூடியவர்களாக இருப்பது வழக்கம் என்பதால், கேட்டுக்கு மாத்திரைதான் காரணமா என்பதை அந்த வகை ஆய்வால் உறுதிசெய்ய முடியாது. 2019-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இதய இரத்தநாள நோய் உள்ள 17,598 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப்பேருக்குப் பான்டோப்ரசோல் 40 மில்லிகிராமும் பாதிப்பேருக்கு வெற்று மாத்திரையும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். தெளிவாகக் கூடியது குடல் தொற்று ஒன்றுதான்: ஆயிரத்துக்கு 10 ஆக இருந்தது 14 ஆனது. எலும்பு முறிவிலும் சிறுநீரக நோயிலும் மறதிநோயிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மூன்று ஆண்டுகள் என்பது பத்து ஆண்டுகள் அல்ல என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் காணொளிகள் சொல்வதுபோல் இது நஞ்சாக இருந்திருந்தால், அவ்வளவு பேரிடம் மூன்று ஆண்டுகளில் அது வெளிப்பட்டிருக்கும்.

ஆகவே நீங்கள் அஞ்சி நிறுத்த வேண்டியதில்லை. உங்களுக்கு அது தேவையில்லாமல் இருக்கக்கூடும் என்பதால் குறைக்க முயல வேண்டும். இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அச்சத்தால் நிறுத்தியவர்கள்தான், தாமிரபரணி அம்மா எழுதியதைப் போல, ஆபத்தில் சிக்கி எங்களிடம் வருகிறார்கள். அமெரிக்க இரைப்பைக்குடல் மருத்துவச் சங்கம் 2022-இல் வெளியிட்ட அறிவுரையும் இதையே சொல்கிறது: பக்கவிளைவு பற்றிய கவலையை மட்டும் காரணமாக்கி நிறுத்தக் கூடாது, ஒவ்வொருவருக்கும் இந்த மருந்து இன்னும் தேவையா என்று தவறாமல் மறுபரிசீலனை செய்ய வேண்டும். உணவுக்குழாயில் கடுமையான புண்ணோ, புண் ஆறி ஏற்பட்ட சுருக்கமோ, பாரெட் உணவுக்குழாய் என்ற உட்படலத் திரிபோ உள்ளவர்களும், இரத்தக்கசிவு ஆபத்து அதிகம் உள்ளவர்களும் நிறுத்தக் கூடாதவர்கள். உங்களுக்குத் தொடக்கத்தில் இந்த மருந்து எழுதப்பட்டது பத்து நாள் வலி மாத்திரைக்குத் துணையாக. அதன்பின் நான்கு ஆண்டுகளில் ஒருவரும் உங்களை மறுபடி சோதிக்கவில்லை.

எனவே எண்டோஸ்கோப்பி, அதாவது குழாய்க் கேமராவால் உணவுக்குழாயையும் இரைப்பையையும் உள்ளே பார்க்கும் சோதனை, பற்றிக் கேளுங்கள். ஆறாத புண் இருந்தால் மாத்திரை அதை ஆற்றி மறைத்துவிடும் என்பதால், முடிந்தால் சில வாரங்கள் மாத்திரையை விட்டுவிட்டுச் செய்வதே தெளிவான படத்தைத் தரும். விட முடியுமா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். அதோடு ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கும் சோதிக்கச் சொல்லுங்கள். இரைப்பைப் புண்ணுக்குப் பெரும் காரணம் இந்தக் கிருமிதான் என்று காட்டியதற்காக ஆஸ்திரேலியர்களான பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். நம் நாட்டில் அது மிகப் பரவலாக இருக்கிறது. மூச்சுப் பரிசோதனையாகச் செய்தால் அதற்கு இரண்டு வாரம் முன்பே அமில மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும்.

ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய, சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்கு நெஞ்சில் எரிச்சலோ அழுத்தமோ புதிதாக வந்தால், அதிலும் நடக்கும்போது வந்து நின்றால் அடங்கினால், அல்லது வியர்வையோடும் மூச்சுத்திணறலோடும் இடது கை, தாடைப் பக்கம் பரவினால், அதைக் ‘கேஸ்’ என்று எண்ணிச் சோடா குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது. என் பணிக்காலத்தில் அப்படிப் படுத்து விடியாமல் போனவர்களின் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். உடனே இசிஜி எடுக்கும் இடத்துக்குச் செல்லுங்கள். விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, இரத்த வாந்தி, கறுத்த மலம், இரத்தசோகை ஆகியவையும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்.


மறுமொழி 4
எழுதியவர்: நொய்யல் கரை

நானும் ஆறு ஆண்டுகள் இதே மாத்திரையில் இருந்து வெளியே வந்தவன். திருப்பூரில் பின்னலாடை நிறுவனத்தில் இரவு வேலை. மருந்தைப் பற்றி மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டதால், எனக்கு எது பயன் தந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தைத் தந்தது, கடைசி உணவுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணி நேரம் விட்டதுதான். உங்களைப் போலவே எனக்கும் அது முடியாத காரியமாகத் தெரிந்தது. பதினொன்றரைக்கு வீடு திரும்புபவன் எப்போது சாப்பிட்டு எப்போது உறங்குவது? அதனால் இரவு உணவைத் தூக்குச்சட்டியில் வேலையிடத்துக்கே எடுத்துச் சென்று எட்டு மணிக்குச் சாப்பிடத் தொடங்கினேன். வீடு திரும்பியதும் பசித்தால் ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். உங்கள் கடையிலும் எட்டு மணிக்குக் கால் மணி நேரம் கேட்டுப் பாருங்கள். பண்டிகை நாட்களில் கூட்டம் இருந்தாலும், கணக்குப் பகுதியில் இருப்பவருக்கு அது கிடைக்காமல் போகாது என்று நம்புகிறேன்.

இரண்டாவது கட்டில். தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் அரை அடி உயர மரக்கட்டைகளைத் தச்சரிடம் சொல்லி, கால் வழுக்காதபடி குழியோடு செய்து வைத்தேன். முதலில் இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கிப் பார்த்தது தவறாகப் போயிற்று. அப்படிப் படுத்தால் இடுப்பருகே உடல் மடிந்து வயிறு அழுந்துவதால் எதுக்களிப்பு கூடியது. படுக்கை முழுவதும் சரிவாக இருக்க வேண்டும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் நல்லது. அப்போது இரைப்பை, உணவுக்குழாய் சேரும் வாயிலுக்குக் கீழே தொங்குகிறது. வலப்பக்கம் படுத்தால் அந்த வாயில் அமிலத்தில் மூழ்கிவிடுகிறது என்று எனக்கு மருத்துவம் பார்த்தவர் படம் வரைந்து காட்டினார். உறக்கத்தில் எச்சில் ஊறுவதும் விழுங்குவதும் குறைவதால், இரவில் மேலேறிய அமிலம் கழுவப்படாமல் அங்கேயே நிற்கும் என்றும் சொன்னார். அதன்பின் இரவுதான் காக்க வேண்டிய நேரம் என்று எனக்குப் புரிந்தது.

எடை 81 கிலோவிலிருந்து 74 ஆனது. ஒன்றரை ஆண்டு பிடித்தது. வயிற்றுச் சுற்றளவு குறைந்தபோது எரிச்சலும் குறைந்ததை அரைஞாண் கயிறு தளர்வதை வைத்தே கணக்கிட முடிந்தது. உணவில், காரத்தையும் புளியையும் ஒட்டுமொத்தமாக விலக்கச் சொன்னவர்களின் பேச்சைக் கேட்டு மூன்று மாதம் பத்தியம் இருந்தேன். அது தேவையில்லாத துன்பம். ஒரு நோட்டில் தினமும் உண்டதையும் எரிந்ததையும் எழுதி வந்தபோது, எனக்குத் தீங்கு செய்வது பரோட்டா சால்னாவும், வெறும் வயிற்றுக் காப்பியும், எண்ணெய் மிதக்கும் பிரியாணியும்தான், ரசமும் மோர்க்குழம்பும் ஒன்றும் செய்வதில்லை என்று தெரிந்தது. உங்களுக்கு வேறாக இருக்கலாம், எழுதித்தான் பார்க்க வேண்டும். எரியும்போது பால் குடிப்பவர்களுக்கு ஒரு சொல்: குடித்த சிறிது நேரம் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் பாலே மீண்டும் அமிலத்தைச் சுரக்கத் தூண்டும்.

குறைத்த காலத்தில் இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும்தான் மிகக் கடினம். அதன்பின் ஒவ்வொரு வாரமும் இலகுவாயிற்று. ஐந்தாம் நாளில் நீங்கள் திரும்பிவிட்டது உங்கள் மன உறுதிக் குறைவால் அல்ல, இன்னும் எத்தனை நாள் என்று யாரும் சொல்லாததால்தான்.


மாசிவீதி (மூன்று மாதங்களுக்குப் பின்)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மறுநாளே அட்டையுடன் மருத்துவரைப் பார்த்தேன். டோம்பெரிடோன் உள்ள கேப்சூலை அன்றே நிறுத்தி, ஓர் இசிஜியும் எடுத்துப் பார்த்தார். அது சரியாக இருந்தது. பி12 ஊசி தொடங்கினார். எண்டோஸ்கோப்பியில் சிறிய அளவில் இரைப்பையின் மேல்பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்கு மேலே ஏறியிருப்பதும், உணவுக்குழாயின் அடியில் மிக லேசான, ‘ஏ’ நிலை என்று குறிப்பிடும் சிராய்ப்பும் தெரிந்தன. கடுமையான புண்ணோ சுருக்கமோ இல்லை. இரண்டு வாரம் மாத்திரை இல்லாமல் இருந்து செய்த மூச்சுப் பரிசோதனையில் கிருமியும் இல்லை. அந்த இரண்டு வாரத்தை ஆல்ஜினேட் திரவத்தைக் கொண்டும், ஏன் எரிகிறது என்று தெரிந்திருந்ததைக் கொண்டுமே கடந்தேன்.

அதன்பின் 20 மில்லிகிராமை ஒரு மாதம் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் எனக் குறைத்து, இப்போது வாரத்தில் ஒரு முறையோ இரு முறையோ தேவைப்பட்டால் மட்டும் போடுகிறேன். முற்றிலும் விட்டுவிட்டேன் என்று சொல்ல முடியாது. தீபாவளி வாரத்தில் கடையில் எட்டு மணி உணவு தவறிய நான்கு நாட்களும் எரிச்சல் வந்தது, மாத்திரை போட்டேன், அதை மருத்துவரிடமும் சொன்னேன். இப்படி இரைப்பை சற்று மேலே ஏறியிருப்பவர்களுக்கு மாத்திரை அவ்வப்போது தேவைப்படலாம், அதில் தவறில்லை என்றார்.

பாதங்களில் மரத்துப்போன உணர்வு விரல்களில் மட்டும் எஞ்சியிருக்கிறது. கட்டிலுக்குக் கட்டை வைத்தபோது மனைவி தான் சறுக்கிவிடுவதாகச் சொன்னாள். அவளுக்கு இப்போது தனிக் கட்டில். பி12 அளவையும் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் அளவையும் தை மாதத்தில் மீண்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.